கூடங்களின் கதை – 12: மடித்து வைத்த முகங்கள்

சென்ற இதழில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், தேசிய ஓவியக் கூடத்தின் படிக்கட்டில் நின்றிருந்தோம். ஏங்கர்ஸ்டைன் என்ற வங்கியாளர் விட்டுச்சென்ற 38 ஓவியங்களை அரசாங்கம் 57,000 பவுண்டுக்கு வாங்கி, 1824-ல் தொடங்கிய கூடம் அது. இந்த முறை அதிகம் நடக்க வேண்டியதில்லை. படியிறங்கி, இடக்கைப் பக்கம் திரும்பி, செயின்ட் மார்ட்டின் தேவாலயம் எதிரே தெரிய அந்தக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனால், முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் இன்னொரு கட்டடம் நிற்கிறது. போர்ட்லாண்ட் கல்லில், இத்தாலிய மாளிகைச் சாயலில் கட்டியது. அதன் பழைய வாசலுக்கு மேலே மூன்று தலைகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதுதான் தேசிய உருவப்படக் கூடம். நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி என்று சொன்னால் லண்டனில் எவரும் வழி காட்டுவார்கள்.

ஒரே வீட்டின் முன்கட்டும் பின்கட்டும் போல இருக்கிற இந்த இரண்டு கூடங்களுக்கும் குணம் வேறு. முன்கட்டில், ஓவியத்துக்காக அதில் இருக்கும் ஆளைப் பார்க்கிறோம். பின்கட்டில், ஆளுக்காக ஓவியத்தைப் பார்க்கிறோம். ஓவியம் சுமாராக இருக்கலாம், கிழிந்திருக்கலாம், பாதியில் நின்றிருக்கலாம். இவர் யார், என்ன செய்தார், முகம் எப்படி இருந்தது? அங்கே எழும் கேள்வி இதுதான்.

கல்லில் இருக்கும் மூவரில் நடுவில் இருப்பவர் ஸ்டான்ஹோப் பிரபு. ஒரு பக்கம் தாமஸ் கார்லைல், மறுபக்கம் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. மூவருமே வரலாறு எழுதியவர்கள். தூரிகை பிடித்துப் பிழைத்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

மெக்காலேயை நமக்குத் தெரியும். 1834 ஜூனில் சென்னைக் கரையில் வந்து இறங்கியவர். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது உதகையில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க மைசூர் வழியாகப் பல்லக்கில் மலையேறிப் போன மெக்காலே, அங்கேயே சில மாதங்கள் தங்கினார். கல்கத்தா போய்ச் சேர்ந்து, 1835 பிப்ரவரி 2-ம் தேதி அவர் கையெழுத்திட்ட கல்விக் குறிப்புதான், இந்தியாவின் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்தை அரியணையில் ஏற்றியது. நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஒரு தட்டு, இந்தியாவும் அரேபியாவும் எழுதிவைத்த அத்தனை நூல்களுக்கும் சமம் என்பதை மறுக்கும் ஆளைத் தாம் பார்த்ததில்லை என்று அதில் எழுதினார். நீலகிரிக் குளிரில் அத்தனை நாள் தங்கியிருந்தவர். மலையடிவாரத்து மொழியில் 2,000 ஆண்டுப் பாட்டு இருப்பதை அறியாமலே இறங்கிப் போனார். எது பெரியது, யார் பெரியவர் என்று எடை போடும் தராசு தம் கையில் இருப்பதாக அவர் உறுதியாக நம்பினார். அதே மனிதர் 20 ஆண்டு கழித்து, ஒரு தேசத்தின் பெரிய மனிதர்கள் யார் யார் என்று முடிவு செய்யும் குழுவில் உட்கார்ந்தார். இந்தக் கதையைப் படிக்கும்போது அந்தத் தராசு நம் நினைவில் இருக்கட்டும்.

கூடத்துக்காக அலைந்தவர் ஸ்டான்ஹோப். 1846-ல் அவர் மேஹன் என்ற பட்டப்பெயரோடு மக்களவையில் உட்கார்ந்திருந்த காலத்தில், பிரிட்டிஷ் வரலாற்றின் புகழ்பெற்ற மனிதர்களுக்கு ஓர் உருவப்படக் கூடம் வேண்டும் என்று முதன்முதலில் கேட்டார். நடக்கவில்லை. 1852-ல் மறுபடி முயன்றார். அப்போதும் நடக்கவில்லை. தந்தை இறந்து ஸ்டான்ஹோப் பிரபு ஆகி மேலவைக்குப் போனவர், 1856 மார்ச் 4-ம் தேதி அங்கே அதே கோரிக்கையை மூன்றாம் முறையாக வைத்தார்.

அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் பெரிய மனிதர் படங்களில் பெரும்பகுதி, நாட்டுப்புற மாளிகைகளின் நெடிய கூடங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. பொதுமக்கள் கண்ணுக்குப் படாது. குடும்பம் நொடித்தால் படங்கள் ஏலத்துக்கு வரும், சிதறும். 1848-ல் பக்கிங்ஹாம் கோமகன் கடனில் மூழ்கி, ஸ்டோ மாளிகையின் சாமான்களை 40 நாள் ஏலம் விட்டார்கள். நாற்காலி, மேசை, வெள்ளிப் பாத்திரம், ஒயின் புட்டிகளோடு ஒரு சின்ன உருவப்படமும் ஏலத்தில் போனது. அதை எல்ஸ்மியர் பிரபு 355 கினி கொடுத்து எடுத்தார். ஷேக்ஸ்பியரின் படம் என்று வழிவழியாகச் சொல்லிவந்த படம் அது. வேறு யார் கையிலாவது போயிருந்தால் அது எந்தப் பரணில் கிடந்திருக்குமோ!

இந்த முறை காற்று ஸ்டான்ஹோப் பக்கம் வீசியது. விக்டோரியா மகாராணி சம்மதித்தார். பிரதமர் பாமர்ஸ்டன் மக்களவையில் ஆதரித்துப் பேசினார். பெருஞ்செயல் செய்தவர்களின் முகங்களைக் கண்முன்னே பார்ப்பதைப் போல ஒரு மனிதனை ஊக்கப்படுத்துவது வேறெதுவும் இல்லை என்பது அவர் வாதம். 2,000 பவுண்டு ஒதுக்கினார்கள். 1856 டிசம்பர் 2-ம் தேதி கூடம் சட்டப்படி பிறந்தது. பிறந்தபோது அதற்கு வீடும் இல்லை, படமும் இல்லை. அறங்காவலர்கள் மட்டும் இருந்தார்கள். தலைவர் ஸ்டான்ஹோப். உடன் மெக்காலே, பிற்காலத்தில் பிரதமரான டிஸ்ரேலி, ஏலத்தில் படம் எடுத்த அதே எல்ஸ்மியர் பிரபு எனப் பலர். மறு ஆண்டு எல்ஸ்மியர் இறந்ததும் கார்லைல் சேர்ந்தார்.

கார்லைலுக்கு உருவப்படம் என்றால் உயிர். 1854-ல் எடின்பரோ நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு நல்ல உருவப்படம் அரை டஜன் வாழ்க்கை வரலாறுகளைவிட அதிகம் கற்றுத்தரும் என்றார். அதை ஏற்றிவைத்த மெழுகுவர்த்தியாகவும், அந்த வெளிச்சத்தில்தான் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்க முடிவதாகவும் சொன்னார். இந்த மெழுகுவர்த்திக்கு நாம் பிறகு மீண்டும் வர வேண்டியிருக்கும்.

அறங்காவலர்கள் உட்கார்ந்து சில விதிகளை எழுதினார்கள். கூடத்தின் உயிர்நாடி அவற்றில்தான் இருக்கிறது. வரைந்தவரின் கைத்திறனைவிடப் படத்தில் இருப்பவரின் புகழையே முதலில் பார்க்க வேண்டும் என்றது ஒரு விதி. ஒருவர் செய்த பெரும் பிழைகள், ஊரே ஒப்புக்கொண்ட பிழைகளாக இருந்தாலும், அவர் படத்தை ஒதுக்கப் போதுமான காரணம் ஆகாது; நாட்டின் வரலாற்றை விளக்க அது உதவுகிறதா என்பதே கேள்வி என்றது இன்னொன்று. உயிரோடு இருப்பவரின் படமும், இறந்து 10 ஆண்டு ஆகாதவரின் படமும் சேராது என்றது மற்றொன்று. ஆளும் அரசருக்கும் அவர் துணைக்கும் விலக்கு இருந்தது. மற்றவர்களுக்கு என்றால் அறங்காவலர்கள் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டியிருந்தது.

இந்த விதிகளில் நான் மிகவும் மதிப்பது பிழைகளைப் பற்றியதைத்தான். அந்த விதி இருந்ததால்தான் மூன்றாம் ரிச்சர்டின் முகம் அங்கே இருக்கிறது. 1685-ல் மன்மத் கலகத்தை ஒட்டி நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்த நீதிபதி ஜெஃப்ரீஸின் முகம் இருக்கிறது. ராபர்ட் கிளைவும் இருக்கிறார். 1744-ல் சென்னைக் கோட்டையில் எழுத்தராக வந்து சேர்ந்து, 1751-ல் ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கிய அதே கிளைவ். பிளாசிப் போருக்குப் பிறகு அவர் மீர் ஜாஃபரைச் சந்திக்கும் காட்சியை, இந்தியாவைக் கண்ணால் பார்த்தறியாத பிரான்சிஸ் ஹேமன் லண்டனில் உட்கார்ந்து 1760 வாக்கில் தீட்டினார். அந்தப் படம் இப்போது இந்தக் கூடத்துக்குச் சொந்தம். கிளைவின் முகத்தை ஒளித்து வைப்பதைவிடச் சுவரில் மாட்டி வைப்பதே நல்லது. எதிரே நின்று, கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

ஆனால் புகழைப் பார் என்ற விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. புகழை யார் கொடுக்கிறார்கள்? அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பிரபுக்கள், அரசியல்வாதிகள், அறிஞர்கள். அத்தனை பேரும் ஆண்கள். அவர்கள் கேள்விப்பட்ட பெயர்தான் புகழ்பெற்ற பெயர். மெக்காலேயின் தராசு அங்கே சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

முதல் எண் இட்ட படம், எல்ஸ்மியர் அன்பளிப்பாகக் கொடுத்த ஷேக்ஸ்பியர். முன்பு சாண்டோஸ் கோமகன்கள் குடும்பத்தில் இருந்ததால் சாண்டோஸ் படம் என்று பெயர். கருப்பு உடுப்பு, ஏறிய நெற்றி, குறுந்தாடி. சட்டைக் கழுத்தின் நாடா முடிச்சுப் போடாமல் தளர்ந்து தொங்குகிறது. இடக் காதில் ஒரு சின்னத் தங்க வளையம், இருட்டில் அது மட்டும் மின்னும். இவர் ஷேக்ஸ்பியர்தான் என்பதற்கு எழுத்தில் அன்றைய சாட்சி எதுவும் கிடையாது. 2006-ல் கூடம் தன் 150-ம் ஆண்டை ஒட்டி, ஷேக்ஸ்பியர் என்று உரிமை கொண்டாடும் படங்களைச் சோதனைக்கு உட்படுத்தி ஒரு கண்காட்சியாகவே வைத்தது. காலம் பொருந்துகிறது, உடுப்பு பொருந்துகிறது, மற்ற படங்களைவிட இதற்கே வாய்ப்பு அதிகம் என்ற இடத்தில் ஆய்வு நின்றது. புகழின் உச்சியில் இருப்பவரின் முகமே நிச்சயமில்லாமல்தான் இந்தக் கூடத்தின் கணக்கு தொடங்கியது.

இனி ஜார்ஜ் ஷார்ஃபுக்கு வருவோம். வாசலுக்கு மேலே இருக்கும் மூன்று தலைகளில் அவருடையது இல்லை. ஆனால் கூடத்தைக் கட்டி எழுப்பியது அவர் கை.

பவேரியாவிலிருந்து லண்டனில் குடியேறிய அச்சு ஓவியரின் மகன். 1820-ல் பிறந்தவர். 20 வயது வாக்கில் தொல்லியல் பயணக் குழு ஒன்றுடன் துருக்கிக்குப் போய்ப் பழங்காலச் சிற்பங்களை வரைந்து வந்தார். மெக்காலேயின் ரோமானியக் கதைப்பாடல்களுக்குப் படம் போட்டவரும் அவரே. 1857-ல் கூடத்தின் முதல் செயலாளராக நியமித்தார்கள். அடுத்த 38 ஆண்டுகள் அவருக்கு வேறு வாழ்க்கையே இல்லை. வெஸ்ட்மின்ஸ்டரில் கிரேட் ஜார்ஜ் தெரு 29-ம் எண் வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கூடத்தைத் தொடங்கினார்கள். 1859 ஜனவரி 15-ம் தேதி திறந்தது. ஷார்ஃபும் அவருடைய தாயும் அத்தையும் அதே வீட்டில்தான் குடியிருந்தார்கள். தேசத்தின் முகங்கள் ஒரு கட்டில், அவர்கள் மறு கட்டில்.

ஷார்ஃப் நாடு முழுக்க மாளிகை மாளிகையாக ஏறி இறங்கினார். கையில் எப்போதும் ஒரு குறிப்பேடு. ஒரு படத்தின் முன்னால் நின்றால் முதலில் பென்சிலால் அதை அப்படியே வரைந்துகொள்வார். பிறகு ஓரங்களில் குறிப்பு: கண் என்ன நிறம், புருவம் என்ன நிறம், தலைமயிர் எந்தப் பக்கம் வகிர்ந்திருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, மூலையில் என்ன எழுதியிருக்கிறது, பலகையின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது. கண்ணின் நிறத்தில் அவருக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? மாளிகைகளில் தொங்கிய படங்களில் பெயர் மாறிக் கிடப்பது சகஜம். தாத்தாவின் தாத்தாவை எவருக்கும் அடையாளம் தெரியாது. யாரோ ஒரு வாரிசு, பிடித்த பெயரைப் பொன்னெழுத்தில் எழுதி வைத்துவிடுவார். நைந்த உடுப்பை ஓவியர் ஒருவரை வைத்துப் புதுப்பித்தும் விடுவார்கள். பெயரை மாற்றலாம், உடுப்பை மாற்றலாம். ஒரே மனிதரைக் காட்டும் நாலு படங்களில் மூன்றில் பழுப்புக் கண்ணும் ஒன்றில் நீலக் கண்ணும் இருந்தால் அந்த ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். வரலாற்றுக்காரர்கள் ஆவணத்தை ஒத்துப் பார்ப்பதுபோல ஷார்ஃப் முகத்தை முகத்தோடு ஒத்துப் பார்த்தார். அந்தக் குறிப்பேடுகள் இன்றைக்கும் ஆய்வாளர்களுக்கு மூலாதாரம். பல மாளிகைகள் இப்போது இல்லை; படங்கள் இல்லை; அவருடைய பென்சில் கோடு இருக்கிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் வீட்டில் கூடம் இருந்த காலத்தில் படங்களின் எண்ணிக்கை 57-லிருந்து 208 ஆனது. பார்க்க வந்தவர்கள் ஆண்டுக்கு 5,300 பேரிலிருந்து 34,500 ஆனார்கள். வீடு கொள்ளவில்லை. 1869-ல் சவுத் கென்சிங்டனில் தோட்டக்கலைச் சங்கத்தின் கட்டடத்துக்கு மாற்றினார்கள். 1885-ல் அங்கே தீப்பிடிக்க, அலறியடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நகரின் கிழக்குக் கோடியில் பெத்னல் கிரீன் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த இடம் படங்களுக்குக் கேடாக முடிந்தது. மழை நீர் ஒழுகும். குளிர் காலத்தில் ஈரம் கோர்த்துக்கொள்ளும். நூற்றாண்டுகளைத் தாண்டி வந்த பலகைகள் அங்கே புழுக்கத்திலும் ஈரத்திலும் கிடந்தன. 65 வயதைத் தாண்டிய ஷார்ஃப் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

வில்லியம் ஹென்றி அலெக்சாண்டர் என்ற கொடையாளி முன்வந்து 60,000 பவுண்டு கொடுத்தார். போதாதபோது இன்னும் 20,000 கொடுத்தார். அரசாங்கம் 16,000 பவுண்டும் நிலமும் தந்தது. கட்டடக் கலைஞர் இவான் கிறிஸ்டியனைத் தேர்ந்தெடுத்தது அலெக்சாண்டர்தான். நிலம், நாம் இப்போது நிற்கும் இடம். அதற்கு முன் செயின்ட் மார்ட்டின் வட்டாரத்தின் ஏழை விடுதி அங்கே இருந்தது. வேலைக்கு வழியில்லாதவர்களையும் கிழவர்களையும் அநாதைகளையும் அடைத்து வைத்து, கஞ்சிக்கு ஈடாக வேலை வாங்கிய விடுதி. யாரும் படம் வரைந்து வைக்காத ஆயிரக்கணக்கான முகங்கள் வாழ்ந்து மறைந்த மண்ணின் மேல், புகழ்பெற்ற முகங்களுக்கு மாளிகை எழுந்தது. நான் அந்தக் கட்டடத்தைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்த அடிமண்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

1896 ஏப்ரல் 4-ம் தேதி புதிய கட்டடம் திறந்தது. திறப்பைப் பார்க்க ஷார்ஃப் இல்லை. சுமார் ஓராண்டு முன்னால், 1895-ல் காலமானார். அதே ஆண்டில்தான் இவான் கிறிஸ்டியனும் போனார். வாடகை வீட்டிலும், இரவல் கட்டடத்திலும், ஒழுகும் கூரையின் கீழும் 38 ஆண்டு முகங்களைக் காத்தவருக்கு, சொந்த வீட்டில் ஒரு நாள்கூட அவற்றைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இப்போது 1914-க்குத் தாவுவோம். கூடத்தின் வரலாற்றில் மறக்க முடியாத இரண்டு காரியங்கள் அந்த ஒரே ஆண்டில் நடந்தன.

முதலாவது அயர்லாந்திலிருந்து வந்தது. நாவலாசிரியர் சார்லட் பிராண்டியின் கணவர் ஆர்தர் பெல் நிக்கல்ஸ், சார்லட் இறந்தபின் ஊர் திரும்பி, மறுமணம் செய்துகொண்டு, 1906-ல் காலமானார். அவருடைய இரண்டாம் மனைவி 1914-ல் வீட்டு அலமாரியின் உச்சியில் எதையோ தேடும்போது, காகிதம் சுற்றிய ஒரு துணி மடிப்பு கிடைத்தது. சட்டத்திலிருந்து கழற்றி, போர்வையை மடிப்பதுபோல நாலாக மடித்துப் போட்டிருந்த ஓவியம். பிரித்துப் பார்த்தால் ஆன், எமிலி, சார்லட் சகோதரிகள் மூவரும் ஒன்றாக. சார்லட்டின் தம்பி பிரான்வெல் 1834 வாக்கில், 17 வயதில் வரைந்தது. இப்படி ஒரு படம் இருந்ததை, சார்லட்டின் வாழ்க்கையை எழுதிய எலிசபெத் காஸ்கல் பார்த்துப் பதிவு செய்திருந்தார். பிறகு அது தொலைந்துவிட்டது என்றே உலகம் நம்பியிருந்தது.

கைத்திறன் என்று பார்த்தால் சாதாரணம். கழுத்துகள் விறைப்பாக இருக்கின்றன, மூவரின் பார்வையும் ஒவ்வொரு திசையில். முன்கட்டில் இருக்கும் ஓவியக் கூடம் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. பின்கட்டு உடனே வாங்கியது. முதல் விதி எதற்காக எழுதியதோ, அதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. வாங்கியபின் அவர்கள் செய்ததும் எனக்கு மிகவும் பிடித்த காரியம். மடிப்புக் கோடுகளை மறைத்துப் புதுப்பிக்கவில்லை. இன்றைக்கும் படத்தின் குறுக்கே வெடிப்பு வரிகளாக அவை ஓடுகின்றன. வண்ணம் உதிர்ந்த இடங்கள் அப்படியே இருக்கின்றன. அலமாரி மேல் கிடந்த காலமும் படத்தின் வரலாறுதானே.

எமிலிக்கும் சார்லட்டுக்கும் இடையில் ஒரு தூண் போலப் பழுப்பு வண்ணம் நிற்கும். உற்றுப் பார்த்தால் அது தூண் மாதிரி இருக்காது. தோள் தெரியும், தலை தெரியும். பிரான்வெல் முதலில் தன்னையும் அக்கா தங்கைகளோடு சேர்த்து வரைந்து, பிறகு தன் உருவத்தின் மேல் வண்ணம் பூசி அழித்துவிட்டான். எண்ணெய் வண்ணம் வயதாக ஆக ஒளி புகும்படி ஆகி, உள்ளே இருப்பதைக் காட்டும். அதனால் அவன் தன்னை அழித்த இடத்திலிருந்து ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கிறான். எழுத்தில் அக்காவும் தங்கைகளும் உலகப் புகழ் பெற, குடியில் அழிந்து 31 வயதில் இறந்தவன்.

இரண்டாவது நிகழ்ச்சி 1914 ஜூலை 17. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்த போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். மார்ச் மாதம் அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான எம்மலின் பாங்கர்ஸ்ட் கைதானதைக் கண்டித்து, மேரி ரிச்சர்ட்சன் என்பவர் முன்கட்டுக் கூடத்தில் வெலாஸ்க்வெஸ் வரைந்த வீனஸ் ஓவியத்தை இறைச்சிக் கத்தியால் கிழித்திருந்தார். நான்கு மாதத்தில் பின்கட்டின் முறை வந்தது. ஆன் ஹன்ட் என்று தன் பெயரைச் சொன்ன ஒரு பெண் உள்ளே வந்தார். முதல் நாளும் வந்து படங்களை உற்றுப் பார்த்துப் போனவர்தான். உடுப்புக்குள்ளிருந்து வெட்டுக்கத்தியை எடுத்து, கண்ணாடியை நொறுக்கி, ஒரு படத்தின் முகத்தின் மேலேயே வெட்டினார்.

அந்தப் படம் கார்லைல். ஓவியர் மில்லே 1877-ல் தொடங்கி முடிக்காமல் விட்டது. உருவப்படத்தை மெழுகுவர்த்தி என்று சொன்ன, வாசலுக்கு மேலே கல்லாக இருக்கும் அதே கார்லைல்.

போராளி ஒருவரின் கவனத்தைப் பெற்றதால் இந்தப் படத்துக்கு இனிமேல்தான் வரலாற்று மதிப்பு கூடும் என்ற பொருளில் நீதிமன்றத்தில் சொன்னார் அந்தப் பெண். மார்கரெட் கிப் என்பது அவருடைய உண்மைப் பெயர். ஆறு மாதச் சிறை விதித்தார்கள். ஓவியத்தைச் சேதப்படுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு முறை போன வண்ணம் போனதுதான். இருந்தாலும் அவர் சொன்னது நடந்தது. கார்லைலின் நெற்றியில் வெட்டு விழுந்த நிலையில் எடுத்த புகைப்படத்தைக் கூடமே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. படத்தையும் சீர்செய்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் காவல்துறை வேறொரு வேலையும் செய்தது. ஹாலோவே சிறையில் இருந்த பெண்கள் புகைப்படத்துக்கு முகம் கொடுக்க மறுத்தார்கள். முகத்தைக் கோணினார்கள், தலையை ஆட்டினார்கள். எனவே அவர்கள் சிறை முற்றத்தில் நடக்கும்போது வண்டிக்குள் ஒளிந்து, தூரத்திலிருந்து அவர்களுக்குத் தெரியாமல் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களை வரிசையாக ஒட்டி, இந்த முகங்களைக் கண்டால் உள்ளே விடாதீர்கள் என்று அருங்காட்சியகங்களுக்கும் ஓவியக் கூடங்களுக்கும் அனுப்பினார்கள். அந்தத் தாள்களில் எவலின் மனஸ்டாவின் முகமும் இருந்தது; அது ஒளிந்திருந்து எடுத்த படம் இல்லை. மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் படங்களின் கண்ணாடியை உடைத்தவர்களில் ஒருவர். அவர் முகத்தைக் கேமராவுக்கு நேரே நிறுத்த, பின்னாலிருந்து காவலர் ஒருவர் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்திருக்கிறார். சுற்றுக்கு விட்ட பிரதியில் அந்தக் கை இல்லை. கையை அழித்து, அந்த இடத்தில் கழுத்துத் துணி சுற்றியிருப்பதுபோல மாற்றிவிட்டார்கள். ஷார்ஃப் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கழுத்துத் துணியைத்தான் முதலில் சந்தேகித்திருப்பார்.

உள்ளே விடக்கூடாத முகங்கள் என்று வந்த அந்தத் தாள்கள், பிற்காலத்தில் கூடத்தின் சேகரிப்பிலேயே எண் இட்டுச் சேர்ந்தன. இதற்கிடையில் 1928 ஜூனில் எம்மலின் பாங்கர்ஸ்ட் காலமானார். 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாக ஓட்டுரிமை சட்டமாக இன்னும் சில வாரங்களே இருந்தன. அவர் இறந்த மறு ஆண்டே, 1929-ல், நினைவுக் குழு கொடுத்த அவருடைய படத்தைக் கூடம் ஏற்றுக்கொண்டது. ஜார்ஜினா பிராக்கன்பரி வரைந்தது; அவரும் போராட்டத்தில் சிறை சென்றவர். 10 ஆண்டுக் காத்திருப்பு விதியை அவருக்காகத் தளர்த்தினார்கள். கார்லைல் வெட்டுப்பட்டு 15 ஆண்டுதான் ஆகியிருந்தது.

பாங்கர்ஸ்டுக்குக் கதவு திறந்தது, அவருக்குப் பின்னால் ஒரு நினைவுக் குழுவும் லட்சக்கணக்கான பெண்களும் நின்றதால். அப்படி யாரும் பின்னால் இல்லாதவர்களின் முகங்கள் எங்கே போயின?

1856-க்குத் திரும்புவோம். ஸ்டான்ஹோப் மேலவையில் பேசிய, கூடம் பிறந்த அதே ஆண்டு. கிரிமியப் போர் முடிந்து படைகள் திரும்பின. அவர்களோடு லண்டன் திரும்பியவர்களில் மேரி சீகோலும் ஒருவர். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். தாய் கறுப்பினத்தவர், தந்தை ஸ்காட்லாந்துச் சிப்பாய். தாயிடம் கற்ற மருத்துவத்தோடு, போரில் காயம்பட்டவர்களைக் கவனிக்கப் போகிறேன் என்று லண்டனில் கதவு கதவாகத் தட்டியபோது ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. தன் செலவிலேயே போனார். பாலக்லவாவுக்குப் பக்கத்தில் கிடைத்த மரத்தையும் தகரத்தையும் வைத்து விடுதி கட்டி, சிப்பாய்களுக்குச் சோறும் மருந்தும் கொடுத்தார். போர் திடீரென்று முடிந்ததும் வாங்கி அடுக்கிய சரக்கு விலைபோகாமல் திவாலாகித் திரும்பினார். சிப்பாய்கள் அவரைக் கொண்டாடினார்கள், நிதி திரட்டினார்கள். கார்லைல் இறந்த அதே 1881-ல் அவரும் இறந்தார். கார்லைல் கூடத்துக்குள் போனார். சீகோலை ஒரு நூற்றாண்டு மறந்துபோனார்கள்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், வீட்டில் வேண்டாத சாமான்களைக் காரில் கொண்டுவந்து விற்கும் சந்தை ஒன்றில், சட்டம் போட்ட பழைய அச்சுப் படம் ஒன்று விலைபோனது. சட்டத்தைக் கழற்றியபோது, அச்சுப் படத்துக்கு முதுகு கொடுக்க வைத்திருந்த பலகை ஓர் ஓவியம் என்று தெரிந்தது. ஆல்பர்ட் சாலன் 1869-ல் வரைந்த மேரி சீகோல். 2005-ல் கூடத்தில் பார்வைக்கு வைத்தார்கள். 2008-ல் கூடத்துக்கே சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

24 சென்டிமீட்டர் உயரம், 18 சென்டிமீட்டர் அகலம். நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டுப் புத்தக அளவு. பக்கவாட்டு முகம். நரை ஓடிய தலைமயிர். கழுத்தில் சிவப்புத் துணி. நெஞ்சில் மூன்று பதக்கங்கள். வலப்பக்கம் பார்த்தபடி, வாய் மூடி, எதையோ பொறுமையாகக் காத்திருப்பதுபோல இருக்கிறார்.

உயிரோடு இருப்பவர்களுக்கும் இந்தக் கூடம் கதவு திறந்த 1969-ம் ஆண்டின் கதை அடுத்த இதழில்.